கடைசி எழுத்திலிருந்து படித்த ஹெலன் அக்கா

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஹெலன் அக்காவின் எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அவர் பார்க்க வேண்டிய மூன்று தாள்கள் மேசையில் கிடந்தன. நான் ஹலோ கூடச் சொல்லவில்லை. “அக்கா, எங்க இருக்கீங்க? மசாலா ஓட்ஸ் ஃபைல் மூணும் அப்படியே நிக்குது. மேனேஜர் ரெண்டு தடவ வந்து உங்க சீட்ட முறைச்சிட்டுப் போய்ட்டாரு” என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

பேசியது அவருடைய கணவர் தனராஜ் அண்ணன். “பிரபா, காலைல பாத்ரூம்ல விழுந்துட்டாப்பா. மூளைல நரம்பு வெடிச்சிருச்சாம். ஆஸ்பத்திரில இப்பதான் சொன்னாங்க, முடிஞ்சிருச்சுன்னு.”

நான் கேட்டது இது: “அப்ப இன்னிக்கு வரமாட்டாங்களா அண்ணா?”

அண்ணன் கோபப்படவில்லை. “இல்லப்பா, வரமாட்டா” என்று பொறுமையாகப் பதில் சொன்னார். அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு என் நாற்காலியின் பின்பக்கத்தைத் தட்டி, “நாளைக்கு ஓட்ஸ முடிச்சிடலாம் தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனவர்.

இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் அவருடன் வேலை பார்த்தவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். கடைகளில் தொங்கும் உணவுப் பாக்கெட்டுகளை அச்சுக்குப் போகும் முன் வடிவமைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். நான் எழுத்துகளை அடுக்குகிறவன். ஹெலன் அக்கா பிழை பார்ப்பவர். அவர் தாளின் ஓரத்தில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் ஒரு பாக்கெட்டும் அச்சுக்குப் போனதில்லை.

அவர் பிழை பார்க்கிற முறையைப் புதிதாக வருகிறவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். கடைசி வரியின் கடைசி எழுத்தில் தொடங்கி, ஒரு ஸ்டீல் ஸ்கேலை வரிக்கடியில் வைத்து, லென்ஸை நகர்த்திக்கொண்டே முதல் எழுத்துக்கு வருவார். வாடிக்கையாளர் அனுப்பிய மூலத்தையும் அதே மாதிரி தலைகீழாகப் பார்த்து ஒப்பிடுவார். ஏன் இப்படி என்று நான் முதல் வாரமே கேட்டேன். “அர்த்தத்தோட படிச்சா கண்ணு முந்திக்கிட்டு ஓடும். எழுத்து தப்பிச்சிடும். அர்த்தம் நமக்கு வேணாம், தம்பி” என்றார். ஒன்பது வருடத்தில் அவர் விட்ட பிழை ஒன்றே ஒன்று. அது ஒரு காற்புள்ளி.

அவருடைய பழைய உடம்பு உங்களுக்கு நினைவிருக்கும். முடிச்சூர் சாலையில் ஷேர் ஆட்டோவில் தினமும் வருவார். ஒரு நாள் நானும் கூட வந்தேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, “இன்னா மேடம், ரெண்டு ஆளு எடத்துல குந்திக்கினு கீற. பின்னால காலி வண்டி வருது, அதுல வாயேன்” என்றான். வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா அசையவில்லை. “வண்டி உன்னுது, உடம்பு என்னுது. நீ உன்னுத பாத்து ஓட்டு” என்றார். அலுவலகம் வந்ததும் அதை நடித்துக்காட்டி எங்களையெல்லாம் சிரிக்க வைத்தார். பிறகு கழிவறைக்குப் போனவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தது. அவர் நாற்காலி கிறீச்சிட்டபோதெல்லாம் சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். நானும் சிரித்திருக்கிறேன்.

போன வருடம் வயிற்றைச் சுருக்கும் அறுவைசிகிச்சை செய்துகொண்டார். முழங்கால் வலியும் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் காரணங்கள். ஷேர் ஆட்டோவும் ஒரு காரணம் என்று என்னிடம் மட்டும் சொன்னார். எடை சரசரவென்று இறங்கியது. ரத்தக்கொதிப்பும் இறங்கியதால் டாக்டர் மாத்திரையை நிறுத்தி, அவ்வப்போது வந்து அழுத்தம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அக்கா இரண்டு முறை போனார். அப்புறம் எதற்குப் போக வேண்டும்? எடை பார்க்கும் இயந்திரம் அலுவலகத்துக்கே வந்துவிட்டதே. ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் அதைக் கொண்டுவந்து வைத்தவர் மேனேஜர். திங்கள்கிழமை தோறும் அக்கா ஏறி நிற்பார். நாம் கைதட்டுவோம். “எங்கள் நிறுவனத்தின் ஊக்கம்” என்று வாட்ஸ்அப் குழுவில் புகைப்படம் போகும். அத்தனை திங்கள்கிழமைகளில் ஒரு நாளாவது அவர் கையில் பட்டி கட்டி ரத்த அழுத்தம் பார்த்தோமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் என்னை முடிச்சூர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். குழம்பை வாயில் வைத்ததும் முழித்தேன். உப்பு துளியும் இல்லை. அவர்களுடைய மகள் ஷெரின் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். “அண்ணா, எங்க வீட்ல உப்பு செத்து ஆறு மாசம் ஆகுது.”

“டப்பாவ லாஃப்ட்ல ஏத்திட்டேன் பிரபா” என்றார் தனராஜ் அண்ணன். “அவளுக்கு ஆகாததுன்னா எங்களுக்கும் வேணாம். அப்பளம், ஊறுகாய் எல்லாம் நிறுத்தியாச்சு.”

அக்கா தன் சின்னக் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்தபடி சொன்னார்: “நாக்கு செத்தா என்னடா, ரத்தம் நல்லாருக்கும்.”

மூன்று பேர் ஒருத்திக்காக உப்பில்லாமல் சாப்பிட்ட அந்த மேசையை இப்போது திரும்பத் திரும்ப நினைக்கிறேன். ஏனென்றால் அலுவலகத்தில் அக்கா என்ன குடித்தார் என்பது எனக்குத் தெரியும். வண்ணம் ஒத்துப்பார்க்க வாடிக்கையாளர்கள் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக மாதிரிகள் அனுப்புவார்கள். வேலை முடிந்ததும் நாம் ஆளுக்கு நாலாக எடுத்துப்போவோம். சூப் பாக்கெட்டுகள் மட்டும் அக்காவுக்கு. அறுவைசிகிச்சைக்குப் பின் ஆஸ்பத்திரியில் கொடுத்த உணவுத் தாளில் ‘சூப்’ என்று போட்டிருந்தது. எந்த சூப் என்று போடவில்லை. காய்கறியை வேகவைத்து வடிகட்டி எடுத்துவர, காலை ஐந்து மணிக்கு எழுந்து மூன்று பேருக்குச் சமைத்துவிட்டு வரும் பெண்ணுக்கு ஏது நேரம்? ஒரு பாக்கெட்டை ஸ்டீல் ஃபிளாஸ்க்கில் கொட்டி வைப்பார். கெட்டிலில் வெந்நீர் போட்டு ஊற்றுவது என் வேலை. கைப்பிடி வயிறு அல்லவா, சாயங்காலம் வரை மூடி மூடியாகக் குடிப்பார். சில நாள் இரண்டாவது பாக்கெட்டும் உடைபடும். “இதுலதான் கொஞ்சம் உயிர் இருக்கு தம்பி” என்பார். தலைவலி என்று அடிக்கடி நெற்றியில் தைலம் தேய்த்தார். “இந்தப் பொடி எழுத்தப் பாத்துப் பாத்து வர்ற வலி” என்றார். நானும் நம்பினேன்.

சென்ற மழைக்காலத்தில் அதே சூப்புக்குத் திருத்தம் ஒன்று வந்தது. பின்பக்க ஊட்டச்சத்து அட்டவணையில் முழுப் பாக்கெட்டுக்கான கணக்கை எடுத்துவிட்டு, நாலில் ஒரு பங்குக்கான கணக்கைப் போடச் சொன்னார்கள். அதாவது ஒரு பாக்கெட்டை நான்கு பேர் குடிப்பார்களாம். எல்லா எண்களும் கால்வாசியாகச் சுருங்கின. அதே பக்கத்தில் ‘புதுச் சுவை’ என்ற நட்சத்திரத்துக்கு இடம் வேண்டும் என்பதால் அட்டவணையின் எழுத்தையும் சட்டம் விடுகிற அளவுக்குச் சின்னதாக்கச் சொன்னார்கள். சின்னதாக்கியவன் நான். அக்கா மூலத்தோடு ஒப்பிட்டார். எண்கள் கச்சிதமாக ஒத்துப்போயின. லென்ஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“பாருடா, நான் இளைக்க வயித்த வெட்ட வேண்டியிருந்துச்சு. இந்த பாக்கெட்டு ஒரே ஃபைல்ல இளைச்சிடுச்சு.”

நான் மேசையைத் தட்டிச் சிரித்தேன். அவர் ‘சரி’ எழுதினார். பிறகு ஃபிளாஸ்க்கின் மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தார்.

அடக்கத்தன்று நடந்ததையும் எழுதியாக வேண்டும். பெட்டியருகே நின்ற ஒரு பெண்மணி இன்னொருவரிடம் சொன்னார்: “எவ்ளோ இளைச்சு, எவ்ளோ அழகா ஆயிட்டா பாருங்க.” கேட்டவரும் தலையாட்டினார். செத்துக் கிடக்கும் பெண்ணின் எடையைப் பாராட்டுகிறோம். உயிரோடு இருந்தபோது ஏளனம் செய்ததும் இதே கண்கள்தான். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஷெரின் பக்கத்தில் நின்றதால் கத்தவில்லை.

மறுநாள் அலுவலகம் வந்ததும் அவர் மேசையில் ஃபிளாஸ்க்கைப் பார்த்தேன். திங்கள்கிழமை மறந்து வைத்துப் போயிருக்கிறார். திறந்தேன். பாதி இருந்தது, புளித்த வாடை அடித்தது. அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து, அவருடைய லென்ஸை வைத்து, வாழ்க்கையில் முதல் முறையாக அர்த்தத்தோடு முன்னாலிருந்து படித்தேன். உப்பு என்ற சொல்லே அந்த அட்டவணையில் இல்லை. ‘சோடியம்’ என்று ஆங்கிலத்தில், கடைசி வரியில், எறும்பு மாதிரி ஓர் எண். அதை நான்கால் பெருக்கினேன். பிறகு, ஒரு பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு போதும் என்று தேடிப் பார்த்தேன். அந்த ஒரு பாக்கெட்டே ஒரு நாள் அளவில் முக்கால்வாசியைத் தின்றுவிடுகிறது. இரண்டாவதை உடைத்த நாட்களை நான் கணக்குப் பார்க்கவில்லை. லாஃப்ட்டில் ஏற்றிய டப்பா ஃபிளாஸ்க் வழியாக இறங்கி வந்திருக்கிறது. வெந்நீர் ஊற்றியது நான்.

தனராஜ் அண்ணனோடு, மாத்திரையை நிறுத்திய அந்த டாக்டரைப் போய்ப் பார்த்தேன். நியாயமாகவே பேசினார். “சூப்தான் காரணம்னு என்னால சொல்ல முடியாது. பழைய பிரஷர், மாத்திரை இல்ல, செக்கப் வரல, எல்லாம் சேர்ந்திருக்கலாம். ஆனா அவங்க அத குடிச்சிருக்கவே கூடாது” என்றார். அண்ணன் வெளியே வந்து படியில் உட்கார்ந்து என்னிடம் கேட்டார்: “சோடியம்னா உப்பாப்பா?” ஆமாம் என்றேன். “அத உப்புன்னே போட்டா என்னப்பா?” இந்தக் கேள்விக்கு நம் அலுவலகத்தில் யாரிடம் பதில் இருக்கிறது?

அக்காவின் வேலையை இப்போது என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். இந்த வாரம் அதே சூப்பின் தக்காளிச் சுவை வந்தது. ஓரத்தில் ‘சரி’ என்பதற்குப் பதிலாக, “இந்தப் பாக்கெட்டை நான்கு பேர் பகிர்ந்து குடிப்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா?” என்று எழுதி அனுப்பினேன். மேனேஜர் தாளோடு வந்தார். “பிரபா, எல்லாம் சட்டப்படிதான் இருக்கு. ஸ்பெல்லிங் பாக்கறதுதான் நம்ம வேலை. ஹெலன் இருந்தா இப்படியா பண்ணுவாங்க?” பண்ணமாட்டார்தான். அதனால்தானே இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளை மாலைக்குள் கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஃபிளாஸ்க்கைக் கழுவி ஷெரினிடம் கொடுத்துவிட்டேன். கெட்டிலை ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் வைத்திருக்கிறேன், வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம், என்னால் இனி அதைத் தொட முடியாது. அவருடைய லென்ஸும் ஸ்டீல் ஸ்கேலும் என்னிடம் இருக்கின்றன. கோப்பிலிருந்து ஒரு தாளையும் எடுத்து வைத்துக்கொண்டேன். மழைக்காலத்தில் திருத்திய அந்த சூப்பின் தாள். எழுத்தை அடுக்கியவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. அதற்குக் கீழே, அழகான உருண்டை எழுத்தில், ‘சரி – ஹெலன்’.

தக்காளி சூப் தாள் என் முன்னால் இருக்கிறது. முன்னாலிருந்து மூன்று முறை படித்துவிட்டேன். ஓர் எழுத்துப் பிழை கூட இல்லை. நான் கையெழுத்துப் போடப் போவதில்லை.