மூலையில்லாத பத்திரிகை

நான்கு மூலையும் இல்லாத ஒரு கல்யாணப் பத்திரிகையை வடிவமைத்தவள் நான். இயந்திரப் பொறியியல் படித்தவள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் மறைத்தாலும் அம்மா எல்லாரிடமும் சொல்லிவிடுவாள்.

அக்காவின் கல்யாணம் முடிவானபோது கட்டிங் மெஷின் என் மேசைமேல் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பார்க்க பிரிண்டர் போல இருக்கும். மைக்குப் பதில் ஒரு சின்னக் கத்தி. கணினியில் கோடு வரைந்தால் அந்தக் கோட்டிலேயே காகிதத்தை வெட்டித் தரும். சேலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த அத்தனை பேருக்கும் இதை விளக்கினேன். பக்கத்து வீட்டு அக்கா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, இதுல ரவிக்கை வெட்ட முடியுமுங்களா?"

"முடியாதுங்க்கா. காகிதம் மட்டுந்தான்."

"அப்பறம் எதுக்குங்க இது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை சுருக்கமான பதில் இல்லை. எட்டு மாதத்தில் நான் வெட்டியிருந்தவை: பொடி டப்பாக்களுக்கு லேபிள் (அம்மா ஒட்டவில்லை, மூடியைத் திறந்து மோந்தாலே தெரிந்துவிடுமாம்), ஒரு காகித எருமை, அலுவலகத் தோழியின் குழந்தைக்குப் பிறந்தநாள் கிரீடம் பதினொன்று. அதில் பத்து சோதனைக்கு.

ஆகவே பத்திரிகை அட்டையை நானே வெட்டித் தருகிறேன் என்று சொன்னதில் எனக்கு ஒரு தன்மானப் பிரச்சினையும் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பிரச்சினை பெரியப்பா.

அப்பாவுக்கு உடன்பிறந்தவர் ஒரே அண்ணன். நாமகிரிப்பேட்டையில் தோட்டம், தென்னந்தோப்பு, மஞ்சள். நான்கு வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு வந்தார், சாப்பிடாமல் போனார். எங்கள் பக்கத்தில் விசேஷத்துக்கு வந்து சாப்பிடாமல் போவது வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதற்குச் சமம். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

காரணம் அந்த விழாவின் பத்திரிகை. அப்போது நான் கல்லூரி மூன்றாம் ஆண்டு. வீட்டில் கணினி தெரிந்தவள் என்பதால் டைப் செய்யும் வேலை எனக்கு வந்தது. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு, கீழே உறவினர் பெயர்கள் பதினாறு. எந்த வரிசையில் என்று யாரும் சொல்லவில்லை. பட்டியல் என்றால் அகர வரிசை. அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பொத்தானை அழுத்தினேன், அடுக்கிக்கொண்டது. பெரியப்பாவின் பெயர் பதினான்காவதாக வந்தது. முதல் இடத்தில் அம்மாவின் சித்தப்பா மகன். அவன் அந்தச் சமயம் பாலிடெக்னிக்கில் மூன்றாவது முறையாக அரியர் எழுதிக்கொண்டிருந்தான்.

இப்போது அக்காவின் கல்யாணம். அப்பா அதிகம் பேசுபவர் அல்ல. ஒரு நாள் செய்தி பார்த்துக்கொண்டே, தொலைக்காட்சியிடம் சொல்வது போலச் சொன்னார்: "அண்ணன் வந்து நிக்காம நான் எப்படிச் சாமி மணவறைப் பக்கத்துல நிக்கறது?"

அந்த வாக்கியத்துக்குப் பிறகு எனக்குத் தூக்கம் கொஞ்சம் குறைந்தது. ஒரு பத்திரிகையால் கெடுத்ததை இன்னொரு பத்திரிகையால் சரிசெய்யலாம் என்று கணக்குப் போட்டேன். நல்ல கணக்குத்தான். உள்தாளில் பெயர் வரிசையை அப்பாவிடம் மூன்று முறை, அம்மாவிடம் நான்கு முறை காட்டி ஒப்புதல் வாங்கினேன். பெரியப்பா முதலில். அரியர் பையன் கடைசியில். உள்தாளை அச்சகத்தில் அடித்தாயிற்று. அதைத் தாங்கும் வெளியட்டைதான் என் பொறுப்பு. நெருங்கிய சொந்தத்துக்கு இருநூறு, மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்.

வடிவத்தை ஒரு வெளிநாட்டு இணையதளத்தில் எடுத்தேன். நான்கு மூலைகளிலும் கொடியும் இலையுமாக, ஜன்னல் கம்பி வேலை போல, முக்கால்வாசி ஓட்டையாக இருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு காகிதக் கடையில் யானைத் தந்த நிறத்தில், முந்நூறு ஜிஎஸ்எம் கனத்தில் அட்டை. முதல் சோதனையில் அட்டை மூன்றில் ஒரு பங்கு பெரிதாக வந்து கவருக்குள் போக மறுத்தது. அந்த வடிவத்தை உருவாக்கியவரின் மென்பொருள் அங்குலத்தை ஒரு அளவில் எண்ணுகிறது, என்னுடையது வேறு அளவில் எண்ணுகிறது. இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தபோது என்னைப் பற்றி எனக்கு மிக உயர்ந்த அபிப்பிராயம் ஏற்பட்டது.

ஒரு அட்டைக்கு ஏழு நிமிடம். மெஷினோடு வந்த பிசினுள்ள பாயில் அட்டையை ஒட்டி உள்ளே விட வேண்டும். வெட்டி முடித்ததும் பாயை வளைத்து உரிக்க வேண்டும். ஓட்டைகளில் மாட்டிக்கொண்ட துணுக்குகளை ஊசியால் குத்தி எடுக்க வேண்டும். மூன்று வாரம் வீடெங்கும் தந்த நிறத் துணுக்குகள். அம்மா வாணலியில் கடுகோடு ஒரு காகித இலையையும் தாளித்தாள். அக்கா மெஷின் ஓடுவதை வீடியோ எடுத்துப் போட்டு, 'என் தங்கச்சி கைவண்ணம்' என்று எழுதினாள். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் இதயம் போட்டார்கள்.

மாசியில் ஒரு நல்ல நாள் பார்த்தோம். காலையில் குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை, அங்கிருந்து நேராகப் பெரியப்பா வீட்டுக்கு இரண்டாவது. குளித்துவிட்டு அம்மா கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பத்திரிகையை எடுத்தாள். விரலில் மஞ்சளைத் தொட்டு வலது மேல் மூலையில் வைத்தாள். விரலை எடுத்தாள். கொடி, இலை எல்லாம் விரலோடு வந்துவிட்டது.

அம்மா விரலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏஞ்சாமி, மஞ்ச தடவறதுக்கு எடம் எங்கடி உட்டே?"

நான் விட்டிருக்கவில்லை. பிறந்ததிலிருந்து நான் பார்த்த ஒவ்வொரு கல்யாணப் பத்திரிகையிலும் நான்கு மூலையிலும் மஞ்சள் இருந்தது. கட்டாக வந்த பத்திரிகைகளுக்கு நானே உட்கார்ந்து தடவியிருக்கிறேன். மஞ்சள் இல்லாமல் ஒரு பத்திரிகை வந்தால் அது கருமாதிப் பத்திரிகை என்று ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். எனக்கு அளவு தெரிந்தது, காகிதத்தின் கனம் தெரிந்தது, கத்தியின் ஆழம் தெரிந்தது.

"நாலு வருசம் இஞ்சினீயருக்குப் படிச்சியே, பத்திரிகைக்கு நாலு மூலை இருக்கோணும்னு ஒரு வாத்தியாருமா சொல்லிக் குடுக்கல?"

"உள்தாள்ல தடவிக்கலாம்மா."

"உள்ள ஒளிச்சு வெச்சா யாருக்குத் தெரியும்? மஞ்சக்காட்டுக்காரர் ஊட்டுக்கு மஞ்ச இல்லாத பத்திரிகையைக் கொண்டுக்கிட்டுப் போகச் சொல்றியா?"

அதுதான். பெரியப்பா மஞ்சள் விளைவிப்பவர். அதைத் தனியாகச் சொல்லிக்காட்ட வேண்டிய அவசியம் அம்மாவுக்கு இருந்தது.

அப்பா மெதுவாக ஒரு யோசனை சொன்னார். "நடுவுல ஒரு பொட்டா வெச்சுட்டா என்னங்கறேன்?"

"நடுவுல வெச்சா அது பத்திரிகையா, திருஷ்டிப் பூசணிக்காயா?"

அச்சகத்தில் சாதாரண அட்டை வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனையை அக்கா எதிர்த்தாள். அவள் கவலை இதயம் போட்டவர்களைப் பற்றியது. நல்ல நேரம் முடிய ஒன்றரை மணி நேரம் இருந்தது. நான் அறைக்குப் போய், அதே அட்டையில் ஓட்டையில்லாத எட்டு முக்கோணங்களை வெட்டினேன். அன்றைக்குத் தேவையான இரண்டு புதுப் பத்திரிகைக்கு எட்டு மூலை. கொடிவேலைக்குப் பின்னால் ஒட்டினேன். மஞ்சள் கொடிமேல் படாமல், முக்கோணத்தின்மேல் ஓட்டை வழியாகத் தெரியும்படி, அம்மா தீக்குச்சியால் வைத்தாள். பார்க்க அழகாகவே இருந்தது. பசை காய்வதற்குள் ஈர மஞ்சளை வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். சொல்ல நேரமில்லை. உண்மையில், சொல்லத் தைரியமில்லை.

குலதெய்வத்தின் பத்திரிகைக்கு ஒன்றும் ஆகவில்லை. சாமி அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

பெரியப்பா வீட்டுக் களத்தில் வேகவைத்த மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. வாசலில் பெரியம்மா.

"வாங்க, வாங்க. வா சாமி. வழி ஞாபகம் இருந்துச்சா?"

"வழியெல்லாம் தெரியுமுங்க்கா," என்றாள் அம்மா. "கதவு தொறந்திருக்குமான்னுதான் தெரியல."

பெரியம்மா சிரித்துவிட்டார். பெரியப்பா சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "ம்," என்றார். அது வரவேற்பா, இருமலா என்று தெரியவில்லை. அப்பா வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை இருந்த தட்டை நீட்டினார்.

"அண்ணா, பெரியவளுக்குக் கல்யாணம் வெச்சிருக்கறனுங்க. நீங்கதான் முன்ன நின்னு நடத்திக் குடுக்கோணும்."

பெரியப்பா தட்டை வாங்கவில்லை. பத்திரிகையை மட்டும் எடுத்தார். பிரித்தார். கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு பெயர்களுக்குப் போனார். முதல் பெயரில் விரல் நின்றது. பிறகு வரிசையாகக் கீழே இறங்கியது.

"அந்த அரியர் பையன் எங்க?"

"கடைசீலீங்க," என்றார் அப்பா.

"பாஸ் பண்ணிட்டானா?"

"துபாய்ல இருக்கறானுங்க."

பெரியப்பா பத்திரிகையை மூடினார். அந்த நேரம் பார்த்து வலது மேல் மூலையிலிருந்த முக்கோணம், மஞ்சளோடு, கழன்று அவர் வேட்டியில் விழுந்தது.

அம்மாவின் முகத்தைப் பார்க்க நான் முயலவில்லை. பெரியப்பா அந்தத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "மூலை உழுகுது," என்றார். பத்திரிகையை அப்பாவின் பக்கமாக நீட்டினார். திருப்பிக் கொடுக்கும் நீட்டல்தான் அது.

நான் பையிலிருந்து பசைக் குப்பியை எடுத்தேன். அவர் கையிலேயே இருந்த பத்திரிகையைத் திருப்பி, ஒரு சொட்டு வைத்து, முக்கோணத்தைப் பொருத்தி, அவர் வலது கட்டைவிரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். பெரியப்பாவின் விரலை அப்படி யாரும் பிடித்து வைத்து நான் பார்த்ததில்லை.

"இப்படியே அமுக்கிப் புடிங்க பெரியப்பா. பத்து நிமிசம். எடுத்தீங்கன்னா மறுபடியும் வந்துரும்."

"பத்து நிமிசமா?"

"முந்நூறு ஜிஎஸ்எம் அட்டைங்க."

குப்பியில் முப்பது நொடி என்று போட்டிருந்தது. அட்டையின் கனத்துக்கும் பசை காய்வதற்கும் நான் சொன்ன மாதிரி எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் எங்கள் குடும்பத்தில் எண்ணோடு சொன்னால் நம்புவார்கள்.

முதல் நிமிடம் பெரியப்பா தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது நிமிடத்தில் பெரியம்மா காப்பி கொண்டுவந்தார். பெரியப்பாவின் வலது கை மாட்டிக்கொண்டிருந்தது. இடது கையால் வாங்க அவருக்கு மனமில்லை. காப்பி ஆறியது. மூன்றாவது நிமிடத்தில் என்னைக் கேட்டார்.

"இதையெல்லாம் நீயா வெட்டுனே?"

"மெசினுங்க."

"மஞ்சளுக்கு எடம் உடாம வெட்டற மெசினு."

"அது நாந்தானுங்க."

அவர் தலையை ஆட்டினார். "ஊடு கட்டுனப்ப பேரு போட்டது?"

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். "அதுவும் நாந்தானுங்க பெரியப்பா. அ, ஆ வரிசையில போட்டுட்டேன். யாரு பெரியவங்க யாரு சின்னவங்கன்னு பார்க்கலீங்க."

அப்பா இதை எப்போதோ அவரிடம் சொல்லியிருப்பார் என்றுதான் நான்கு வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லியும் கோபம் தீரவில்லை என்று நினைத்து, பெரியப்பாவைப் பற்றி மனதுக்குள் ஒரு நீளமான பட்டியலும் வைத்திருந்தேன். பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தபோதுதான் அந்தப் பட்டியல் முழுக்கத் தவறு என்று தெரிந்தது.

அவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லவே இல்லியேடா."

"புள்ள மேல பழியைப் போடச் சொல்றீங்ளாண்ணா?" என்றார் அப்பா. தட்டு இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

பெரியப்பா களத்தைப் பார்த்தார். பெரியம்மா காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்ச் சூடு பண்ணிக் கொண்டுவந்தார். பிறகு பெரியப்பாவும் பெரியம்மாவும் மாப்பிள்ளை என்ன வேலை, எந்த ஊர், எத்தனை பேர் உடன்பிறந்தவர்கள் என்று ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளையின் தாத்தாவைப் பெரியப்பாவுக்குத் தெரிந்திருந்தது. "நல்ல மனுசன். கருமி," என்றார். மண்டபம் எது என்று கேட்டார். அதில் கைகழுவும் இடம் சரியில்லை என்றார். சமையலுக்கு யார் என்று கேட்டார். அவன் ரசத்தில் புளி அதிகம் போடுவான் என்றார். எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். அம்மாவின் இறுகியிருந்த தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

நான் கைப்பேசியில் நேரம் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம்.

"போதுங்க பெரியப்பா. விரலை எடுத்துக்கலாம்."

அவர் பத்திரிகையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். இடது கை விரலால் மூலையைச் சுரண்டிப் பார்த்தார். அது கல்லாக இருந்தது.

"இன்னும் ஈரமாத்தான் இருக்குது," என்றார். கட்டைவிரலை எடுக்கவில்லை. பிறகு அப்பாவிடம், "ஊட்டு முன்னால பந்தலுக்கு ஓலை வெளிய எங்கியும் சொல்லிப்போடாத. நம்ம தோப்புல வெட்டிக்கலாம். ஏண்டா நின்னுக்கிட்டே இருக்கறே, உக்காரு," என்றார்.

அப்பா தட்டை அவர் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.