கோச்சை ஆகாத மதராஸ்காரர்

என் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எதைப் பற்றியும் அபிப்பிராயம் வைத்திருப்பார். பார்த்த விஷயம் என்றால் ஒன்று. பார்க்காத விஷயம் என்றால் மூன்று. கோயமுத்தூர் ரயிலடிக்குப் பக்கத்து மைதானத்தில் கூடாரம் போட்டுச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பாக்ஸிங் நடக்கப்போவதாகத் தமுக்கடித்துச் சொன்னபோது, சிங்காநல்லூரில் அதைப் பற்றி விளக்கமாகப் பேசத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அதுவரை அவர் பாக்ஸிங்கைக் கண்ணால் கண்டதில்லை.

அவர் கண்டதெல்லாம் சேவல்கட்டு. ஒரு சேவலின் காலையும் கழுத்தையும் தடவிப் பார்த்தே அது நிற்குமா ஓடுமா என்று சொல்லிவிடுவார். அந்த ஞானம் இரண்டு கால் உள்ள எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். எனக்கு அப்போது ஏழு வயதிருக்கும். அம்மாவுக்குப் பிரசவமாகியிருந்ததால் என்னை மாமா வீட்டில் விட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மாமா போகும் இடமெல்லாம் நானும் போவேன்.

"பொட்டப்புள்ளையப் போயி அடிதடி பாக்கக் கூட்டிட்டுப் போறீங்களே, நாளைக்கு இவளை எவன் கட்டுவான்?" என்றார் அத்தை.

"பாத்துக் கத்துக்கட்டும். கட்டுனவன் வாயத் தொறந்தா ஒதவுமல்ல" என்று சொல்லிவிட்டு மாமா சவாரி வண்டியில் மாட்டைப் பூட்டினார்.

அந்தக் கூடாரத்துக்குள் நுழைந்தபோது எனக்கு மூச்சே நின்றுபோயிற்று. அத்தனை காஸ் லைட்டுகளை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. நடுவில் உயரமான மேடை, அதைச் சுற்றிக் கயிறு. மாமா உட்கார்ந்ததுமே குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். சண்டைக் களம் என்றால் வட்டமாக இருக்க வேண்டும், இது என்ன சதுரமாக? காலில் கத்தி கட்டாமல் கையில் தலையணையைக் கட்டிக்கொண்டு என்ன சண்டை? முதல் ஜோடி, "வம்புக்கு நிக்கற சம்பந்திங்க மாதிரி" இருந்ததாம். இரண்டாவது ஜோடியில் ஒருவனுக்குக் கழுத்து சரியில்லையாம். ஆனால் மணியடித்ததும் சண்டைக்காரர்களை மூலையில் உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள் பாருங்கள், மாமா தொடையைத் தட்டிக்கொண்டார்.

"அட கெரகமே! நம்ம சேவலுக்குப் பண்றாப்பலயே பண்றாங்க கண்ணு!"

அதற்குப்பின் அவருக்கு அது சொந்த ஊர்தான்.

கடைசி ஜோடியில் ஒருவர் மதராஸ்காரர், குட்டை. மற்றவர் பெங்களூர்க்காரர், நெட்டை. மதராஸ்காரர் கயிற்றுக்குள் நுழைந்ததும் குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நான்கு திசைக்கும் கும்பிட்டார். எங்கள் பக்கம் திரும்பியபோது என்னைப் பார்த்து மட்டும் கும்பிட்டதாகவே எனக்குப் பட்டது. அவர் கால் தரையில் பாவவே இல்லை. அடி வரும் இடத்தில் அவர் இருக்க மாட்டார். அவர் இருந்த இடத்துக்கு அடி வந்து சேரும்போது நெட்டையரின் விலாவில் இரண்டு விழுந்திருக்கும். மனுஷர் இப்படியெல்லாம் நகர முடியுமா! நான் வாயை மூடவே மறந்துபோனேன்.

"இது சேவல்! இதுதான் சேவல்!" என்று மாமா எழுந்துவிட்டார். கூடாரமே எழுந்துவிட்டது. எங்கள் சனங்களின் மரியாதை அந்த வெறியிலும் குறையவில்லை. "மூக்குல குத்துங்க! உடாதீங்க! தாடையப் பேத்துப்போடுங்க!" என்று எல்லாரும் பணிவாகக் கத்தினார்கள்.

எப்படி நடந்ததென்று தெரியவில்லை. நெட்டையரின் கை ஒருதரம் நீண்டது. மதராஸ்காரர் கண்ணைப் பொத்திக்கொண்டு குப்புற விழுந்தார். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் குனிந்து பத்துவரை எண்ணி, நெட்டையரின் கையைத் தூக்கிப்பிடித்தார்.

"தோத்தவரை என்ன பண்ணுவாங்க மாமா?" என்று கேட்டேன்.

"என்ன பண்ணுவாங்க? கோச்சைதான்!" என்று எரிந்து விழுந்தார்.

கோச்சை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். சேவல்கட்டில் தோற்ற சேவல். ஜெயித்தவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்க் குழம்பு வைத்துவிடுவார். மாமா ஜெயித்துக் கொண்டுவந்த கோச்சைகளை நானே ருசித்துச் சாப்பிட்டிருக்கிறேன். நெட்டையர் மதராஸ்காரரைத் தோளில் சாய்த்துக் கூட்டிக்கொண்டு போவதைப் பார்த்ததும் ஓவென்று அழுதுவிட்டேன்.

என் அழுகை மாமாவை என்ன செய்ததோ, தன் வார்த்தை பொய்த்துப்போன ஆத்திரம்தான் தள்ளியதோ, நேரே கூடாரத்து மானேஜரிடம் போனார்.

"ஏனுங்க, இது என்ன நாயமுங்க? உழுந்தா எண்ணிப்போட்டு முடிச்சுக்கறதுங்களா? தூக்கித் தண்ணி தெளிச்சு மறுக்கா உட வேண்டாமுங்களா? நிக்கறதா ஓடறதான்னு அப்பறமல்லங்க தெரியும்?"

பாக்ஸிங்கில் அப்படி வழக்கமில்லை என்றார் மானேஜர். ஆனால் அங்கே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சேவல்கட்டு பார்த்து வளர்ந்தவர்கள். "அவுங்க சொல்றது நாயந்தானுங்க, மறுக்கா உடுங்க!" என்று பின்னாலிருந்து குரல் பெருகியது. மானேஜர் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். நாளைக்கு இதே ஜோடி மறுபடி மோதும் என்று மேடையேறி அறிவித்தார். கூடாரம் அதிர்ந்தது. நெட்டையர் ஓடிவந்து மானேஜரிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். மானேஜர் காதில் வாங்கவில்லை.

"பயந்துட்டாரு மாமா!" என்றேன்.

"பின்னே? நம்ம சேவலாச்சே" என்றார் மாமா.

என் மதராஸ்காரர் பிழைக்க ஒரு வழி கிடைத்துவிட்டது. எனக்கு மாமாவைப் போல ஒரு மனிதர் உலகத்தில் இல்லை என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை கூடாரத்தில் நிற்க இடமில்லை. மதராஸ்காரரின் இடது கண் வீங்கி மூடியிருந்தது. நேற்றுப்போலவே தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று அவர் அடித்தது குறைவு, வாங்கியதுதான் அதிகம். ஆனால் விழவில்லை. தலை ஒரு பக்கம் திரும்பும், முழங்கால் மடங்கும், அவ்வளவுதான் என்று நான் மாமாவின் வேட்டியைப் பிடித்துக்கொள்வேன், நிமிர்ந்துவிடுவார். ஒரு மனிதர் எத்தனை அடி வாங்கினாலும் நிற்கலாம் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கோயில் தேர் அசைந்து வரும்போதுகூட எனக்கு அப்படிப் புல்லரித்ததில்லை. கடைசிச் சுற்றுகளில் நெட்டையர் அடிப்பதையே விட்டுவிட்டு அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டே இருந்தார். களைத்துப்போய்விட்டார் என்று நான் குதித்தேன்.

மணி அடித்தது. சமம் என்று சொன்னார்கள்.

"நின்னுட்டாருங்க! நின்னுட்டாரு!" மாமா கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

நின்ற சேவல் கோச்சை ஆகாது. அன்றைக்கு நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை மாமா தன் சேவல்களிலேயே பெரியதை, ஒரு சண்டையிலும் தோற்காத சிவப்புச் சேவலை, எடுத்துக்கொண்டு ரயிலடிக்கு வண்டியை விட்டார். பிளாட்பாரத்தில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நெட்டையர் இட்லியைப் பிட்டு மதராஸ்காரரின் கையில் வைத்துக்கொண்டிருந்தார். ஜெயிக்க முடியாதவர் பணிவிடை செய்யத்தானே வேண்டும் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

"ஏனுங்க, உங்களாட்ட ஒரு மனுசனை நான் பாத்ததில்லீங்க. இதை நீங்க வாங்கிக்கோணும்" என்று மாமா சேவலை நீட்டினார்.

மதராஸ்காரர் எழுந்து, எங்களுக்குப் பக்கத்தில் குவிந்திருந்த மூட்டைகளைப் பார்த்துக் கும்பிட்டார். அவருடைய வலது கண் நன்றாகத் திறந்துதான் இருந்தது. நெட்டையர் அவர் மணிக்கட்டைப் பிடித்துச் சேவலின் முதுகில் வைத்தார். அவர் மெதுவாகத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன நிறங்க?" என்று கேட்டார்.

எவ்வளவு வேடிக்கையான மனிதர்! "பச்சை!" என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

"செவப்புங்க" என்றார் மாமா. அவர் அந்தத் திறந்த கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் ஓடினேன். அத்தனை பெரிய சேவலைக் கொடுத்தும் மதராஸ்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு பெரிய வீரர் என்று சொன்னேன். அத்தை மாமாவைப் பார்த்தார். மாமா மாட்டை அவிழ்த்துவிட்டு, அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஓர் அபிப்பிராயமும் சொல்லவில்லை.

சேவல் போன துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.