லாரி ஏறி நலம் விசாரிக்க

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் எங்கள் சந்தில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் தெருவே ஒரே லாரியில் ஏறிப் பார்க்கப் போகும். லாரி பிடிப்பது, பழம் வாங்குவது, வராதவர்களைத் திட்டுவது எல்லாம் எழுபத்தெட்டு வயது சுமியாத்தி அக்காதான். போன வாரம் உடற்பயிற்சியில் எகிறிக் குதித்துக் காலை ஒடித்துக்கொண்டதும் அவரேதான்.

லாரியில் ஏறிவிட்டோம். கிளம்பச் சொல்லத்தான் ஆளில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவே போன் செய்தார்.

"ஏறியாச்சா? அந்தச் சோம்பேறி தர்யோனோவையும் இழுத்துப் போடுங்க. பழம் ரெண்டு சீப்பு!"

"உங்களுக்கு மட்டும் ரெண்டு சீப்பா அக்கா?"

"சொன்னதைச் செய்!"

போய்ப் பார்த்தால் அக்கா கட்டிலில் இல்லை. சக்கர நாற்காலியில், பக்கத்து அறையில் யாரோ ஒருவரின் தலைமாட்டில் இருந்தார்.

"முதல்ல இவரைப் பாருங்க. நாலு நாளா ஈ காக்கா கூட வரல. என் மூஞ்சியத்தான் தினம் பாக்குறீங்களே."