தம்பி என்ற நீலப் புள்ளி

காலையில் எழும்பினால் எல்லோரும் சூரியனைப் பார்த்துக் கும்பிடுவார்கள். நான் போனில் ஒரு நீலப் புள்ளியைப் பார்க்கிறேன். அந்தப் புள்ளி என் தம்பி. நோர்வேயின் வடக்கு மூலையில், பென்சன் எடுக்கும்வரை மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டிய மனிசன், இப்போதும் மீனை விடுகிறான் இல்லை. குளிர்காலத்தில் உறைந்துபோன ஏரியின் மேல் நடந்துபோய், பனிக்கட்டியில் ஓட்டை துளைத்து, அதற்குள் தூண்டிலை விட்டுவிட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் குந்தியிருப்பான். எங்கே குந்தியிருக்கிறான் என்று காட்டுகிற அப் ஒன்றை என் போனிலும் போட வைத்திருந்தான். இங்கே இத்தாலியில், பலெர்மோவில், லிபெர்த்தா வீதியில், நான் பார்த்துக்கொள்ளும் வயதான சிஞ்ஞோராவின் பல்கனியில் அவவின் உள்ளாடைகளைக் காயப்போட்டபடி, வெள்ளை வெளியில் கிடக்கும் அந்தப் புள்ளியைப் பார்ப்பேன். புள்ளி நின்றால் மீன் பிடிக்கிறான். அசைந்தால் ஒன்றுக்குப் போகிறான்.

ஊரில் இருக்கிறவர்கள் இதை நம்பமாட்டீர்கள். கீரிமலைக் கேணியில் முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்காதவன் அவன். எங்கள் ஐயாவுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. ஆனால் மீன் பிடித்துக் கொண்டுவருகிறவரைப் படலைக்கு வெளியே நிறுத்திவைத்துத்தான் வாங்குவார். அப்படிப்பட்டவரின் பிள்ளை இன்றைக்கு மீசையில் பனி படிய, விரல் நீள மீனைத் தூக்கிப் பிடித்துப் படம் அனுப்புகிறான். ஐயா இருந்திருந்தால் மீனை உள்ளே எடுத்துக்கொண்டு, பெற்ற பிள்ளையைப் படலைக்கு வெளியே விட்டிருப்பார். ஐஸ் என்றால் எங்களுக்குச் சைக்கிள் பெட்டியில் வரும் ஐஸ்பழம். அதற்கு மேல் மனிதர் நடப்பார்கள் என்று யார் கண்டது?

மாசி மாதத்தில் ஒருநாள் புள்ளி அசையாமல் நின்றது. பெரிய மீனாக்கும் என்று நினைத்தேன். கத்தரிக்காய் பொரித்து, சிஞ்ஞோராவுக்குச் சாப்பாடு கொடுத்து, குளிசைகளும் கொடுத்து முடித்தாயிற்று. புள்ளி அப்படியே நின்றது. அவ்வளவு நேரம் ஒன்றுக்குப் போகாமல் இருக்கக்கூடிய வயதில்லை அவனுக்கு. அவனுக்குப் போன் எடுத்துப் பார்த்தால், நோர்வே மொழியில் பதிவுசெய்த ஒரு பெண்குரல் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

பின்னேரம் அவனே எடுத்தான். குளிருக்குப் போன் செத்துவிட்டதாம். பனிப்புகார் மூடி, கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஏரியின் நடுவைப் பார்த்து நடந்திருக்கிறான். பனி ஸ்கூட்டரில் வந்த ஒருவர் கண்டு ஏற்றிக்கொண்டு வந்தாராம். அவ்வளவு நேரமும் நான் காவல் காத்தது போன் செத்த இடத்தை.

"சும்மா ஒருநாள் நடந்ததுதானே அக்கா" என்றான்.

"சாகிறதும் ஒருநாள்தான்ரா."

அவனோடு மீன் பிடிக்கிற நோர்வேக்காரர்கள் கையடக்கமான ஜீ.பி.எஸ். கருவி ஒன்று வைத்திருக்கிறார்களாம். கையுறையோடு பொத்தானை அமத்தலாம், குளிர் தாங்குகிற பற்றரி போடலாம். இவனுக்கு அது வேண்டாமாம். போனில் வரைபடம் பெரிதாம், ஏரியின் ஆழம்கூடக் காட்டுமாம். ஆழத்தை அளந்து பார்த்துவிட்டா தாழப் போகிறான்? நானே வாங்கி அனுப்புகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, கடைக்குப் போய்க் கதைப்பது யார்? இந்த நாட்டில் பாதிக் காலத்தைத் தலையாட்டியே கழித்தவள் நான். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. இத்தாலியன் படித்தது மற்றவர்களின் குசினிகளில், சமைத்துக்கொண்டு. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போன் கடைக்குப் போகும் வழியெல்லாம் சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். உள்ளே கால் வைத்ததும் எல்லாம் மறந்து இரண்டு சொல் மட்டும் மிஞ்சியது. "பெஸ்கா, கியாச்சோ" என்றேன். மீன்பிடி, ஐஸ். கடைக்காரர் மிகுந்த மரியாதையோடு என்னைப் பக்கத்துக் கோப்பி பாருக்குக் கூட்டிப்போய், அங்கே நின்றவரிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதர் ஐஸ் மிதக்கும் பீச் பழத் தேநீர் ஒன்றை என் முன்னால் வைத்தார். பீச் பழத்துக்கும் பெஸ்கா என்றுதான் பெயராம். வேண்டாம் என்று சொல்ல வெட்கம். மாசிக் குளிரில் பல் கூசக்கூசக் குடித்து முடித்தேன். வெட்கப்படுகிறவர்கள் கேட்காததைக் குடித்தே காலத்தைக் கழிக்கிறோம்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் சிஞ்ஞோராவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் எடுத்துவிட்டது. ஒரு பெஸ்காவுக்கு வாயைக் குறுக்க வேண்டும், மற்றப் பெஸ்காவுக்கு விரிக்க வேண்டும் என்று இரண்டையும் சொல்லிக் காட்டினா. எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டது. இன்னொருமுறை சொன்னா. பிறகு அவவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பலெர்மோக்காரருக்கும் இரண்டும் ஒன்றுதான், என் முன்னால் ஒத்துக்கொள்ளத்தான் மனமில்லை. துறைமுகப் பக்கத்தில் படகுச் சாமான் விற்கும் கடைக்குப் போகச் சொல்லிப் பேச்சை மாற்றினா.

இந்த முறை நான் வாயை நம்பவில்லை. தூண்டில் போடுவதுபோல் கையை வீசிக் காட்டினேன், பிறகு நடுங்கிக் காட்டினேன், கடைசியாக ஜீ.பி.எஸ். என்று எழுதிக் கொண்டுபோன துண்டை நீட்டினேன். கண்ணாடி போட்ட கிழக் கடைக்காரர் "மொண்டெல்லோக் கடற்கரையிலா?" என்று கேட்டுத் தானே சிரித்தார். பிறகு கருவியை எடுத்துக் கையில் தந்தார். சவர்க்காரக் கட்டி அளவு இருந்தது. புறப்படும் இடத்தைக் குறித்துவிட்டால் போதுமாம், எங்கே நின்றாலும் ஓர் அம்புக்குறி அந்தப் பக்கத்தைக் காட்டுமாம். நான் ஒரு கேள்விதான் கேட்டேன். என் போனில் புள்ளியைக் காட்டி, இதை வாங்கினாலும் அவனை இப்படிப் பார்க்கலாமா என்று.

"இல்லை அம்மா. இது அவருக்குத்தான் சொல்லும். உங்களுக்குச் சொல்லாது."

போன் என்றால் அவன் நிற்கும் இடம் எனக்குத் தெரியும். கருவி என்றால் அவனுக்குத் தெரியும். பதில் தெரிந்த கேள்விதான். ஆனாலும் என் கை உடனே பைக்குள் போகவில்லை. கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, பிறகு இன்னொருமுறை துடைத்தார். வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பார்சல் போய்ச் சேர்ந்தது. அந்த ஏரிக்கரையில் விறகடுப்போடு ஒரு சின்ன மரவீடு இருக்கிறது. மீன் பிடிக்கிறவர்கள் அங்கே குளிர் காய்ந்துவிட்டுத்தான் ஏரிக்குள் இறங்குவார்கள். அந்த இடத்தைக் கருவியில் குறித்தபோது அது பெயர் கேட்டதாம். தமிழ் எழுத்து இல்லாததால் இங்கிலிஷ் எழுத்தில் "அக்கா" என்று அடித்தானாம்.

"போயும் போயும் ஒரு கொட்டிலுக்கே என்ர பேரை வைச்சனி?"

"வேறை ஆர் அக்கா, திரும்பி வா திரும்பி வா எண்டு கத்திறது?"

போனையும் கொண்டுபோ என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"மீன் கடிக்கிற நேரம் பாத்துத்தான் நீங்கள் எடுப்பியள். அது அங்கை அடுப்படியிலை கிடக்கட்டும்."

இப்போதும் காலையில் புள்ளியைப் பார்க்கிறேன். மரவீட்டு அடுப்புக்குப் பக்கத்தில் சூடாகக் கிடக்கிறது, ஒன்றுக்குக்கூடப் போவதில்லை. அவன் வெள்ளைக்குள் எங்கோ இருக்கிறான். என் போன் காட்டுவது அவன் இல்லாத இடத்தை. அவனுடைய கருவி காட்டுவதும் நான் இல்லாத இடத்தைத்தான். பலெர்மோ வெயிலுக்கே இரண்டு சுவெட்டர் போடுகிற நான், அங்கே ஏரிக்கரையில் பனிக்குள் நின்றுகொண்டு, அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் இஞ்சை வா, இஞ்சை வா என்று அம்புக்குறியால் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.