நான் கொட்டச் சொன்ன பால்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. பதுளைப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டாவது பிள்ளையைப் பெற்றுவிட்டுப் படுத்திருந்தேன். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை. கண்ணைத் துணியால் மூடி, நீல வெளிச்சத்துக்குக் கீழே வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே எப்போது பார்த்தாலும் பனிமூட்டம். காலையா மாலையா என்று தெரியாது. நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்பதும் சரியாகத் தெரியாது. தேயிலைக் கொழுந்துக் கூடை இல்லாத முதுகு இவ்வளவு லேசாக இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

எனக்குப் பால் அதிகம். மூத்தவனுக்கும் அப்படித்தான், சட்டை எந்நேரமும் நனைந்தே இருக்கும். அதைக் கவனித்த வார்ட்டு மிஸ்ஸி, நர்ஸம்மா, ஒருநாள் காலையில் என் கட்டிலுக்கு வந்தார். சிங்களவர்தான், ஆனால் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

"தங்கச்சி, உங்க பிள்ளை குடிச்சது போக மிச்சப் பாலைக் குறைமாசப் பிள்ளைகளுக்குக் குடுப்பீங்களா?"

"அதுக்கென்ன மிஸ்ஸி, பிள்ளையக் கொண்டாங்க" என்று இரண்டு கையையும் நீட்டினேன்.

மிஸ்ஸிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அப்படித்தானே வழக்கம்? பக்கத்துக் காம்பராக்காரிக்குக் காய்ச்சல் என்றால் அவள் பிள்ளை என் மடியில் கிடக்கும். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். இங்கே என்னடா என்றால் முதலில் இரத்தம் எடுத்தார்கள். பிறகு ஒரு ஃபோம், கேள்விகள் அச்சடித்த படிவம். பசித்த பிள்ளைக்குப் பால் கொடுக்க ஃபோம் நிரப்பியது எங்கள் பரம்பரையிலேயே நான் ஒருத்திதான்.

அரசாங்கத்து விதி அது என்று மிஸ்ஸி பொறுமையாகச் சொன்னார். எடுத்த பாலைக் குளிரில் வைத்து, பக்குவமாகச் சூடுகாட்டி, அதிலிருந்து கொஞ்சம் பரிசோதனைக்கு அனுப்பி, ரிப்போர்ட் நல்லதாக வந்தால்தான் போத்தல் வெளியே வருமாம். போத்தலில் பெயர் கிடையாது, ஒரு நம்பர் மட்டும். என்ன வியாதி வந்தது, என்ன மருந்து குடிக்கிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்.

"குடி, சிகரெட், புகையிலை ஏதும் பாவிக்கிறீங்களா?"

"இல்லைங்க" என்றேன்.

அது பொய். மலையில் நிற்கிற பெண்களில் வெற்றிலை போடாதவளை விரல்விட்டு எண்ணிவிடலாம். குளிருக்கு, பசிக்கு, சும்மா வாய்க்கு. வெற்றிலை என்றால் கூடவே ஒரு துண்டு புகையிலையும் உண்டு. வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் நான் விடவில்லை. ஆனால் வெள்ளை உடுப்பில் அவ்வளவு சுத்தமாக நின்ற அந்த மிஸ்ஸியிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சுண்டுவிரல் நகமளவு துண்டு யாரை என்ன செய்யப்போகிறது என்றும் நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு வந்த நாட்களை நினைத்தால் கனவு மாதிரித்தான் இருக்கிறது. கையைக் கழுவிவிட்டு ஒரு மூலையில் உட்காருவேன். போத்தலில் பால் மெல்ல மெல்ல ஏறும். மழைச் சத்தத்தில் கண் சொக்கும். நீல வெளிச்சத்தில் என் மகள் வாயைக் குவித்துத் தூக்கத்தில் எதையோ குடித்துக்கொண்டிருப்பாள். உலகத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் நானே பால் கொடுப்பது போல ஒரு சந்தோஷம் எனக்கு. ஆறு போத்தல் சேர்ந்துவிட்டது.

அடுத்த கட்டிலில் மொனராகலைப் பக்கத்து அம்மா ஒருத்தி இருந்தார். ஏழாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது, அவருக்குப் பால் ஊறவே இல்லை. ஒருமுறை என்னைக் கூட்டிப்போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கமாக நின்று காட்டினார். என் உள்ளங்கை நீளம்கூடத் தேறாத முதுகு. மூக்கில் நூல் மாதிரி ஒரு குழாய். அதன் வழியாகத்தான் பால் போகுமாம். அவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார், நான் தமிழில் ஏதோ சொன்னேன். இரண்டு பேரும் அழுதோம்.

அன்றைக்கு மத்தியானம் மிஸ்ஸி வந்து, "உங்க பால் ரிப்போர்ட் நல்லா வந்திருக்கு. பின்நேரம் குடுக்கத் தொடங்குவாங்க" என்றார். யாருக்கு என்று சொல்லமாட்டார்கள், அதுவும் விதி. ஆனால் என் கண் அடுத்த கட்டிலுக்குத்தான் போனது.

நோயாளரைப் பார்க்கும் நேரத்துக்கு என் அண்ணன் பெண்சாதி, மதினி, வந்தார். வேலை விட்டு மலையிலிருந்து நேரே பஸ் ஏறியிருக்கிறார். வழக்கம் போல முந்தானையில் எனக்கு வெற்றிலை முடிந்துவந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால், தண்ணீர்க் குழாயடியில் ஒதுங்கி நின்று இரண்டு பேரும் போட்டோம்.

"இங்க பாரு, இதுவும் ஒன்னப் பாக்க பஸ்ஸுல வந்திருக்கு" என்று மதினி சேலையைத் தூக்கிக் காட்டினார். கெண்டைக்காலில் இரத்தம் குடித்துக் கொழுத்துப்போய் ஓர் அட்டை. மதினி வாயிலிருந்த புகையிலைச் சாற்றை விரலில் எடுத்து அதன் மேல் தடவினார். எத்தனையோ ஆயிரம் தடவை நானே செய்த வைத்தியம். அட்டை ஒரு துடி துடித்தது. சுருண்டு கீழே விழுந்தது. பிறகு அசையவில்லை.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாய்க்குள் இருந்ததும் அதே சாறுதான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அந்த முதுகு ஞாபகத்துக்கு வந்தது. நூல் போன்ற குழாய் ஞாபகத்துக்கு வந்தது. துப்பினேன், வாயைக்கூடக் கழுவாமல் ஓடினேன். தையல் போட்ட உடம்பு என்பதே மறந்துபோனது.

மிஸ்ஸி குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் போத்தல்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். என் சிவந்த வாயைப் பார்த்ததுமே அவருக்குப் பாதி விளங்கியிருக்கும்.

"மிஸ்ஸி, குடுத்திராதீங்க. நான் பொய் சொல்லிட்டேன். நான் பொகையில போடுறவ. இங்க வந்தும் போட்டேன்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "பல்லுக் கறையப் பார்த்தேன், பழசுன்னு நினைச்சிட்டேன்" என்றார் மெதுவாக. "சூடுகாட்டினா கிருமி சாகும் தங்கச்சி. புகையிலை சாகாது."

பிறகு என் கண் முன்னாலேயே ஆறு போத்தலையும் ஒவ்வொன்றாகத் தொட்டியில் ஊற்றினார். தோட்டத்தில் ஒரு சொட்டுப் பால் சிந்தினாலே பாவம் என்பார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். "அந்தப் பிள்ளைக்கு இப்ப என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். வேறொரு அம்மாவின் பால் ஒரு போத்தல் இருக்கிறது, நாளை வரைக்கும் தாங்கும் என்றார். என் மகளுக்குத் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது, நிறுத்த வேண்டியது புகையிலையைத்தான் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் முழுக்க நான் அடுத்த கட்டில் பக்கமே திரும்பவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் அந்த அம்மா என்னைத் தட்டி எழுப்பினார். கையில் ஒரு சின்னக் கோப்பை. அதன் அடியில் ஒரு தேக்கரண்டியளவு பால், அவருடையதே. எதற்காக என்னிடம் காட்டுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. நான் செய்தது எதுவும் அவருக்குத் தெரியாது. இரண்டு கையாலும் அந்தக் கோப்பையை வாங்கிப் பார்த்துவிட்டு, சிந்தாமல் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது அட்டை ஏறினால் சவர்க்காரக் கட்டியைத் தேய்க்கிறேன். புகையிலையை விட்டுவிட்டேன், மதினி இன்னும் கேலி செய்கிறார். மலையில் நாங்கள் பறிக்கிற கொழுந்தைத் தராசில் வைத்துத்தான் நம்புவார்கள், எங்கள் வாய்ச்சொல்லை யாரும் கேட்டதில்லை. என் வாய்ச்சொல்லை அப்படியே நம்பி எழுதிக்கொண்டது அந்த ஒரு ஃபோம்தான். அதில் நான் முதலில் சொன்னது பொய் என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. ஓடிப்போய் அதை மாற்றிச் சொன்னேன் என்பதால்தான் என் மகளின் முகத்தை நேராகப் பார்க்க முடிகிறது.