பிழைத்த கோழிகளின் ரத்தம்

ஆம்பூரில் அந்தத் தெருவிலேயே ஷூ கம்பெனி வேனில் ஏறாத பெண் அம்பிகா ஒருத்திதான். அப்பா தோல் கம்பெனியின் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று கால் புண்ணாகி, அந்தப் புண்ணோடேயே போய்ச் சேர்ந்தார். அம்மா பாக்யலட்சுமி இன்னும் ஷூவுக்கு மேல்தோல் தைத்துக்கொண்டிருக்கிறாள். மகளாவது தப்பட்டும் என்று வைராக்கியமாகப் படிக்க வைத்தாள். வேலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எட்டு வருஷம் வேலை, பிறகு எம்.எஸ்சி., அதற்குப் பிறகு ஆராய்ச்சி. இதற்கிடையில் கல்யாணப் பேச்சும் ஓய்ந்துபோனது. முப்பத்தாறு வயதில் அவளுக்கு மிச்சமிருந்தது அந்த டாக்டர் பட்டம் ஒன்றுதான்.

ஆராய்ச்சி கோழி ரத்தத்தில். திமிரிப் பக்கம் ராமமூர்த்தி, ஜெயம்மாள் தம்பதி வளர்த்த நாட்டுக்கோழிகளை வெள்ளைக்கழிச்சல் நோய் வாரிக்கொண்டு போனது. ஒன்பது மட்டும் நோய் வந்தும் எழுந்து நின்றன. எப்படி? நோயோடு சண்டை போடுகிற வெள்ளணுக்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பொடிப்பொடித் துண்டுகள் உண்டு. எந்த மரபணு வேலை செய்யலாம், எது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று அதட்டுகிற மேஸ்திரிகள் அவை. பிழைத்த கோழிகளின் ரத்தத்தை எடுத்துவந்து பார்த்ததில் ஒரு மேஸ்திரியின் ஆட்டம் எக்கச்சக்கமாக இருந்ததை அம்பிகா கண்டுபிடித்தாள். வழிகாட்டிப் பேராசிரியர் தௌசீப் அகமது எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினார்கள். பிரித்தெடுத்த வெள்ளணுக்களின் படம் ஒன்று வேண்டும் என்று பதில் வந்தது.

படம் எடுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள். கண்ணில் பட்டதில் முக்கால்வாசி சிவப்பணுக்களின் உட்கரு. மனுஷ ரத்தத்தில் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. சிவப்பணுவை உடைக்கும் கரைசலை ஊற்றினால் கரைந்துபோகும், வெள்ளணு அடியில் தங்கும். கோழியின் சிவப்பணுவுக்கு உட்கரு உண்டு, அதுவும் சேர்ந்தே தங்கிவிடும். இது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். எட்டு வருஷம் மனுஷ ரத்தத்தில் பழகிய கை, பழகியபடியே செய்துவிட்டது. பார்த்துச் சொல்ல வேண்டிய பெரியவரும் பார்க்கவில்லை. சண்டை போட்டவனை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்றவனை அளந்து வைத்திருக்கிறார்கள்!

தௌசீப் அகமது திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உதவித்தொகை இந்த வருஷத்தோடு முடிகிறது, அதற்குள் செய்தால்தான் உண்டு என்றார்.

"அந்தக் கோழிங்க இருக்குல்ல? மறுபடி ரத்தம் எடுத்துட்டு வாம்மா. வேற கோழிய வெச்சி இத ஒண்ணும் பண்ண முடியாது."

மறுநாளே ஆற்காட்டில் பஸ் மாறித் திமிரிக்குப் போனாள். ஜெயம்மாள் சொம்பில் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். கோழிக்கூண்டு காலியாகக் கிடந்தது. அவள் கேட்பதற்கு முன்பே ராமமூர்த்தி மகிழ்ச்சியாகச் சொன்னார்.

"கழிச்சல் வந்தப்பவே வேண்டிக்கிட்டேம்மா, பொழைக்கிறதெல்லாம் பொன்னியம்மனுக்குன்னு. ஆடியில கூழ் ஊத்தி அறுத்துட்டோம்."

ஒன்றையாவது விட்டு வைத்திருக்கக் கூடாதா என்று அம்பிகா மெதுவாகக் கேட்டாள். வேண்டிக்கொண்டதில் மிச்சம் பிடித்தால் தெய்வக் குத்தமாகிவிடாதா என்று அவர் திருப்பிக் கேட்டார். அவர் மேல் என்ன தப்பு? செத்ததெல்லாம் நோய்க்குப் போனது, பிழைத்ததெல்லாம் சாமிக்குப் போனது. குஞ்சு, முட்டை எதுவும் மிச்சமில்லை.

"புதுசா குஞ்சு எறக்கலாம்னு இருக்கேன். ரத்தத்துல இன்னா தெரிஞ்சிச்சி?" என்று அவர் ஆவலாகக் கேட்டார்.

"ஒண்ணும் தெரியலீங்க."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து ஜெயம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. "உன்ன மறப்பமா? உனுக்குந்தான் எங்க மருமகன் கையில டிபன் பாக்ஸ்ல குடுத்தனுப்புனமே?"

ஆமாம், கொடுத்தனுப்பியிருந்தார்கள். அது எந்தக் கோழி என்று கேட்கத் தோன்றவில்லை. அன்றைக்கு அம்மாவும் மகளுமாக உட்கார்ந்து ஆசையாகச் சாப்பிட்டார்கள். அம்பிகா எலும்பைக்கூட விடாமல் கடித்து உறிஞ்சினாள்.

"நல்லா இருந்திச்சிங்க" என்றாள். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்து, ஷூ கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா என்று சூப்பர்வைசரைக் கேட்கச் சொன்னாள்.