ஒற்றைக் கட்டைக்கு எந்தக் கால்

என் மருமகள் இருபத்தொரு வருடமாக இருக்கை தைக்கிறாள். பேருந்து இருக்கை, சோபா, பல் மருத்துவரின் சாய்வு நாற்காலி எதுவானாலும் பழைய உறையைப் பிரித்து, பஞ்சைத் திருத்தி, புது ரெக்சினை இறுக்கித் தைத்துக் கொடுப்பாள். அவள் தையல் கோணாது. பட்டறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஸ்கேல் அக்கா என்பார்கள். பட்டறை ஏரிக்கரைச் சாலையின் கோடியில், டயர் கடைக்கும் ஐஸ் தொழிற்சாலைக்கும் நடுவில் இருக்கிறது. தகரக் கூரை, ஆறு மிஷின், தரையெல்லாம் நூல் பிசிறு. நான் அவள் மாமியார். அவளைக் குறை சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு. இன்றைக்கு அதற்காக வாய் திறக்கவில்லை.

போன வருடம் வெயில் ஏறத் தொடங்கியபோது, ஏரியில் இருக்கும் நீர்ச்சறுக்கு மன்றத்தின் விசைப்படகுக்கு இருக்கை மாற்றும் வேலை வந்தது. தைத்ததைப் பொருத்த இவளே படகுத்துறைக்குப் போனாள். அங்கே ஒரு பெண், இன்னொரு படகின் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு சறுக்குக் கட்டையில் ஒரு காலுக்குப் பின்னால் இன்னொரு காலை வைத்து நின்றபடி, மிதவைகளைச் சுற்றி வளைந்து வளைந்து வந்தாளாம். வளையும் இடத்தில் எல்லாம் தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழுந்ததாம். பார்த்துவிட்டு வந்தவள் அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"நானும் ஒத்தைக் கட்டையில நிக்கப் போறேன்."

என் மகன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். மேலே போவது, கீழே வருவது தவிர வேறு பயணம் அவனுக்குத் தெரியாது. "தண்ணியில நிக்கணும்னா குளியலறையில நில்லேன்" என்றான்.

"உங்களைக் கேக்கல."

"நாப்பத்திரண்டு வயசுல எதுக்கும்மா இது?" என்று நான் கேட்டேன். "ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சும்மாவா சொன்னாங்க?"

"ஆழம் கேட்டுட்டுத்தான் வந்தேன் அத்தை. நாலு ஆள் ஆழம். மிதக்கறதுக்குச் சட்டை குடுப்பாங்க." இதையும் சொன்னாள்: "ஊரெல்லாம் உக்கார நான் தைக்கிறேன். நானும் உக்காந்தேதான் தைக்கிறேன். எனக்கு நிக்கணும்."

நான் தட்டுகளை எடுத்துக் கழுவப் போய்விட்டேன்.

மன்றத்தில் ஒரு விதி இருந்தது. படகு ஓட்டுகிறவர் முன்னால் பார்ப்பார். அதனால் பின்பக்கம் பார்த்து உட்கார இன்னொரு ஆள் வேண்டும். சறுக்குகிறவர் விழுந்தால் சிவப்புக் கொடியைத் தூக்க வேண்டும், அவர் கையால் காட்டும் சைகையைப் படகோட்டிக்குச் சொல்ல வேண்டும். அந்த ஆள் இல்லாமல் படகு நகராது. செவ்வாய், வியாழன் காலை ஏழு மணிக்குப் புதியவர்கள் பழகும் நேரம். மகனுக்கு வேலை, பேத்திக்குக் கல்லூரி. வீட்டில் சும்மா இருந்தவை என் இரண்டு கண்கள்தான்.

படகோட்டுகிறவளே பயிற்சியும் கொடுப்பவள். முப்பது வயது இருக்கும். உதட்டில் எப்போதும் ஒரு விசில். என்னைப் பார்த்ததும், "கண்ணு நல்லாத் தெரியுமா பெரியம்மா?" என்று கேட்டாள்.

"இவளுக்கு ஊசியில நூல் கோத்துக் குடுக்கறதே நான்தான்."

"அப்ப சரி. கட்டைவிரல் மேல காட்டினா வேகமா போகச் சொல்றாங்க. கீழ காட்டினா மெதுவா. தலையில தட்டினா துறைக்குத் திரும்பணும். விழுந்தப்புறம் ரெண்டு கையையும் தலைக்கு மேல கோத்தா, அடி படலைன்னு அர்த்தம். எதைப் பாக்கறீங்களோ அதை மட்டும் சொல்லுங்க. சேத்துச் சொல்லக் கூடாது, குறைச்சும் சொல்லக் கூடாது."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்றேன். ஒன்றும் தெரியாது.

காலுக்கு ஒன்றாக இரண்டு கட்டையில் நிற்பதை என் மருமகள் மூன்றாம் நாளே பிடித்துக்கொண்டாள். ஆரம்பத்தில் கயிற்றை நெஞ்சோடு இழுத்து இழுத்து விழுந்தாள். ரெக்சினை இழுத்துப் பிடித்தே பழகின கை, வேறென்ன செய்யும். "அக்கா, நீங்க படகை இழுக்காதீங்க, படகு உங்களை இழுக்கட்டும்" என்று படகோட்டிப் பெண் சொல்லிச் சொல்லி, ஒரு வழியாகக் கை நீண்டது. ஐந்தாம் வாரம், ஓடும்போதே ஒரு கட்டையை உதறிவிட்டு மற்றதில் கொஞ்ச தூரம் வந்தாள். அன்றைக்கு நான் கொடியைத் தூக்க மறந்துபோய் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டு வாங்கினேன்.

அப்போதுதான் மன்றச் செயலாளர் துறைக்கு வந்து சொன்னார். ஒற்றைக் கட்டையில் சறுக்குகிறவர்களின் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் மொத்தம் எட்டுப் பேர். மிதவைப் பாதை அவர்களுக்கு மட்டும்தான். அதில் ஒருவர் வெளியூர் போகிறார், ஓர் இடம் காலி. கோடை முடிகிற கடைசிச் சனிக்கிழமை ஒரு சோதனை. ஆழத்தில் மிதந்தபடி ஒரே கட்டையில் எழுந்து, விழாமல் ஏரியின் மறுகோடி வரை போக வேண்டும். எழுவதற்கு மூன்று தடவை. அதற்குள் எழாவிட்டால் இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

"இதுக்கு முன்னால எப்ப சார் இடம் காலியாச்சு?" என்று இவள் கேட்டாள்.

"நாலு வருஷம் இருக்கும்."

இவள் விரலில் எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப எனக்கு நாப்பத்தாறு ஆயிடும். வேண்டாம் சார், இப்பவே எடுத்துக்கறேன்" என்றாள், பட்டறையில் துணி கேட்பது மாதிரி.

ஒற்றைக் கட்டைக்கு எந்தக் கால் முன்னால் போகும் என்று முதலில் தெரிய வேண்டும். அது ஆளுக்கு ஆள் மாறுமாம். படகோட்டிப் பெண் ஒரு வழி சொன்னாள்: வீட்டில் அசந்து நிற்கும்போது யாராவது பின்னாலிருந்து லேசாகத் தள்ள வேண்டும். எந்தக் கால் முன்னால் வந்து தாங்குகிறதோ அதுதான் முன்கால்.

மருமகளைப் பின்னாலிருந்து தள்ளச் சொல்லி ஒரு மாமியாரிடம் கேட்டால் வேண்டாம் என்பாளா? அன்று சாயங்காலமே, துணி துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றவளைத் தள்ளினேன். வலது கால் முன்னால் வந்தது. "வலது கால். என் கண்ணால பாத்தேன்" என்று போய்ச் சொன்னேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் நாலு வாரம் அவள் விழுந்ததைச் சொன்னால் பொழுது போதாது. தண்ணீரில் குந்தி, முழங்கால் நெஞ்சைத் தொட, கட்டையின் நுனி மேலே தெரிய மிதப்பாள். "போகலாம்" என்பாள். படகு இழுக்கும். பாதி எழுவாள், வலப்பக்கம் சாய்வாள், தொபுக்கென்று விழுவாள். கை இரண்டையும் தலைக்கு மேல் கோப்பாள். நான் கொடியைத் தூக்குவேன். நாற்பது தடவைக்கு மேல் இருக்கும். இரண்டே தடவைதான் எழுந்தாள். ஆனால் ஒரு நாளாவது முகம் தொங்கியதா என்றால் இல்லை. துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே பத்து மணிக்குப் பட்டறையில் இருப்பாள். "எங்க கோணுதுன்னு தெரிஞ்சா பிரிச்சுத் தைச்சுடலாம் அத்தை. இன்னும் தெரியல, அவ்வளவுதான்" என்பாள்.

சோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கடைசிப் பயிற்சியும் முடிந்த அன்று சாயங்காலம், காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அத்தை, அன்னிக்கு என்னைத் தள்ளினீங்களே, துணிக்கூடை எந்த இடுப்புல இருந்துது?"

"கூடைக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?"

"பட்டறைப் படியில தடுக்கினேன். இடது கால்தான் தாங்குச்சு. அப்புறம் கூட வேலை செய்யறவங்களைத் தள்ளச் சொன்னேன். மூணு பேர் தள்ளினாங்க, மூணு தடவையும் இடது."

"அவங்களுக்குத் தள்ளத் தெரியல. நான் பாத்தது வலது."

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது என் புருஷனுக்கும் தெரியும், பெற்ற பிள்ளைக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும். மறுபடி காயை நறுக்கினாள். ஆனால் அன்றிலிருந்து பாத்திரம் கழுவும்போது இடது காலை முன்னால் வைத்து, முழங்காலை மடக்கி, வலது காலை அதன் பின்னால் ஒட்டி நிற்பாள். பல் தேய்க்கும்போதும் அப்படித்தான். மகன் அவளைச் சுற்றிக்கொண்டு போவான். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

சனிக்கிழமை வந்தது. காற்றில்லை, ஏரி தேய்த்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. செயலாளர் துறையில் நின்றார். நான் கொடியோடு என் இடத்தில், பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். அவள் தைத்த இருக்கைதான் அது.

முதல் தடவை வலது காலை முன்னால் போட்டாள். எழுந்தாள், சாய்ந்தாள், விழுந்தாள். இரண்டாம் தடவையும் அதே கால், அதே பக்கம், அதே தொபுக். கொடியைத் தூக்கினேன். நாற்பது தடவையும் வலப்பக்கமே விழுந்ததை இந்தப் படகில் பின்னால் பார்த்து உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான். வேறு யாருக்கும் அது தெரியாது. கூடை எந்த இடுப்பில் இருந்தது என்பதும் வேறு யாருக்கும் தெரியாது.

படகு வட்டமடித்து அவள் பக்கத்தில் வந்து கயிற்றைக் கொடுத்தது. நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

"இந்தா பாரு. கூடை இடது இடுப்புலதான் இருந்துது. ஈரத் துணி, நல்ல கனம். இடது காலை நீ எப்படித் தூக்குவே? நான் தள்ளினது தப்பு."

சொல்லிக்கொண்டே பார்க்கிறேன், அவள் ஏற்கெனவே கட்டையைக் கழற்றி இடது காலை நுழைத்துக்கொண்டிருக்கிறாள்.

"தெரியும் அத்தை."

"தெரிஞ்சு எதுக்கு ரெண்டு தடவையை வீணாக்கினே?"

"பழகின காலுக்கு ரெண்டு, பழகாத காலுக்கு ஒண்ணுன்னு நேத்தே பிரிச்சு வச்சேன்."

படகோட்டிப் பெண் விசிலை வாயிலிருந்து எடுத்தாள். "அக்கா, இடது காலைப் போட்டு ஒரு தடவைகூட எழுந்ததில்லையே நீங்க."

"ஆமா. கயிறு இனிமே கட்டைக்கு வலப்பக்கம் வரணும்தானே? சரி, போகலாம்."

படகு இழுத்தது. அவள் முன்னால் வெள்ளையாகத் தண்ணீர்ச் சுவர் எழுந்து முகத்தை மறைத்தது. தலை தெரிந்தது, தோள் தெரிந்தது. சாய்வாள் என்று நான் கொடியை இறுக்கிப் பிடித்தேன். சாயவில்லை. கை நீண்டு, முழங்கால் மடங்கி, பாத்திரம் கழுவும்போது நின்றாளே, அதே நிலையில் தண்ணீருக்கு மேலே வந்து நின்றாள்.

"எழுந்துட்டா" என்றேன். அது மட்டும்தான். சேர்க்கவுமில்லை, குறைக்கவுமில்லை.

பாதி ஏரி கடந்ததும் கட்டை அழுந்தத் தொடங்கியது. அவள் உடம்பு இப்படியும் அப்படியும் ஆடியது. மறுகோடிக்கு இன்னும் பாதி இருந்தது. கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்தாள். கட்டைவிரலை மேலே காட்டினாள்.

வேகம் கேட்கிறாள். ஆடிக்கொண்டிருக்கிறவளுக்கு வேகம் எதற்கு? விழுந்தால் நாலு வருடம். மெதுவாகப் போனால் எப்படியாவது ஒட்டிக்கொண்டு வந்துவிடுவாள் என்று என் மனம் அடித்துக்கொண்டது.

"பெரியம்மா, கை காட்டறாங்களா?" முன்னால் பார்த்தபடியே படகோட்டிப் பெண் கேட்டாள்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு தடவை கூடையை விட்டுவிட்டுக் காலை மட்டும் சொன்னதன் பலனைத்தான் இவள் நாலு வாரம் ஏரியில் குடித்தாள்.

"கட்டைவிரல் மேல இருக்கு. வேகமா போகச் சொல்றா."

இயந்திரம் உறுமியது. நான் கண்ணை மூடவில்லை; மூடக் கூடாது, அதுதான் என் வேலை. வேகம் ஏற ஏறக் கட்டை தண்ணீருக்கு மேலே எழும்பியது. ஆட்டம் நின்றது. மெதுவாகப் போனால்தான் ஒற்றைக் கட்டை அமிழும் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அப்போது தெரியாது, அவளுக்குப் பாதத்தில் தெரிந்திருக்கிறது. மறுகோடியின் கம்பம் எங்களைக் கடந்து போயிற்று. அவள் கயிற்றை விட்டுவிட்டு, நின்ற நிலையிலேயே மெல்லத் தண்ணீருக்குள் இறங்கினாள்.

துறைக்கு வந்ததும் செயலாளர் அவளைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார். பின்னால் பார்த்திருந்தவர் சொல்வதைத்தான் எழுத வேண்டுமாம்.

"கடைசி வரைக்கும் விழாம வந்தாங்களா?"

"வந்தா. இடது கால் முன்னால. வலதுன்னு முன்னே எழுதினதை அடிச்சிடுங்க."

அடித்துவிட்டு எழுதினார். எழுதுகிற வரை நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் ஞாயிறு. மகனும் வந்து துறையில் நின்றான், இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு. எட்டாவது ஆளாக அவள் இறங்கினாள். முதல் இழுப்பிலேயே எழுந்தாள். ஆறு மிதவை. முதல் மிதவையை நோக்கிச் சாய்ந்தாள். அதற்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பேருந்து போகலாம். இரண்டாவதற்கும் அப்படித்தான். மூன்றாவதை எட்டிப் பிடிக்கப் போய்த் தலைகுப்புற விழுந்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் கோத்தாள். கொடியைத் தூக்கினேன்.

"மொத்தம் ஆறா?" என்று துறையிலிருந்து மகன் கத்தினான். "எத்தனை ஆச்சு?"

"ஒண்ணுகூட ஆகல" என்று அவள் தண்ணீரிலிருந்தே கத்தினாள். "ஞாயிறு வாராவாரம் வருதுல்ல?"